கட்டம் என்றால் கட்டம்தான்

முப்பத்தோரு வருடங்களில் அவர் கழித்துப் போட்ட டைல்ஸின் எண்ணிக்கை நாலு லட்சத்தைத் தாண்டும் என்று அவரே சொல்வார். தான் செய்த தவறுகள் எத்தனை என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, பூஜ்யம் என்பார். யோசிப்பது ஒரு மரியாதைக்காக.

டைல்ஸ் தொழிற்சாலையில் தரச் சோதனை மேஜையின் தலைவர் அவர். வெள்ளை விளக்குக்கு அடியில் டைல்ஸ் ஒவ்வொன்றாக வரும். விரல் முட்டியால் ஒரு தட்டு, சாய்த்துப் பிடித்து ஒரு பார்வை. மயிரிழை விரிசல் இருந்தால் சிவப்பு கிரேயானால் பெருக்கல் குறி. அந்தக் குறியைப் போடும்போது முகத்தில் ஓடும் திருப்தியைப் பார்த்துத்தான் சூளைப் பிரிவுக்காரர்கள் அவருக்குத் 'தள்ளுபடி' என்று பெயர் வைத்தார்கள். விஷயம் அவர் காதுக்கும் வந்தது. பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்தாறாவது வயதில் தள்ளுபடிக்கே ஒரு சோதனை வந்தது. விரிசல் விட்ட டைல்ஸ் பெட்டி பெட்டியாகக் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. எல்லாம் அவர் மேஜையைத் தாண்டிப் போனவை. லாரியில் உடைந்திருக்கும் என்றார். புது மேனேஜர் அதை நம்பவில்லை. மேஜையில் இருக்கும் ஆறு பேரும் கவனத் தேர்வு எழுத வேண்டும், நாற்பது நிமிடத்தில் ஒரு சுடோகு. சரியாக முடித்தால் மேஜை. இல்லாவிட்டால் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. பத்து நாள் அவகாசம்.

சுடோகு அவர் வீட்டுக்குப் புதிதல்ல. ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அவர் மனைவி, ஆறு வருடமாகத் தினமும் பேப்பரில் வரும் சுடோகுவைப் போட்டு முடிக்கிறவர். பென்சிலும் ரப்பரும் பக்கத்திலேயே இருக்கும். "வேலையத்தவங்க வேலை" என்று ஆறு வருடமாகச் சொல்லி வந்த வாய், இப்போது எப்படிப் போய்க் கேட்கும்? தேர்வு விஷயத்தையே மறைத்துவிட்டார். மனைவி குளிக்கப் போன நேரத்தில் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், பேனாவோடு. பென்சில் தப்பு செய்கிறவர்களுக்கு.

முதல் நாள் எண்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் அடித்து எழுதி அடித்து எழுதி பேப்பர் கிழிந்தது. மேலே அச்சாகியிருந்த விதியைப் படிக்கலாம் என்று மூன்றாம் நாள்தான் தோன்றியது: 'ஒவ்வொரு படுக்கை வரிசையிலும், நெடுக்கு வரிசையிலும், கட்டத்திலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒரு முறை மட்டுமே வர வேண்டும்.' வரிசை புரிந்தது. கட்டமா? ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைத்தானே எழுத முடியும், இதை ஒரு விதி என்று வேறு போடுகிறானே என்று பேப்பர்காரனை நினைத்துச் சிரித்தார்.

சின்னச் சதுரங்களை ஒன்பது ஒன்பதாகச் சுற்றி வளைத்திருந்த தடித்த கோடுகளையும் அவர் பார்க்காமல் இல்லை. டைல்ஸுக்கு நடுவே விடும் இடைவெளி மாதிரி, அழகுக்கு விட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

மூன்று விதிகளில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டால் எந்த விளையாட்டும் கைக்கு அடக்கம்தான். ஆறாம் நாள் பதினெட்டே நிமிடத்தில் முடித்து, மனைவியின் முன்னால் போட்டார்.

"முக்கா மணி நேரம் நீ மண்டைய உடைச்சுக்கறது இதுக்குத்தானா?"

மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னங்க இது? இந்தக் கட்டத்துல மூணு ஏழு இருக்கே."

"ஒரு கட்டத்துல எப்படிடி மூணு ஏழு இருக்கும்? ஒண்ணுதான எழுதியிருக்கேன்."

"சின்னதச் சொல்லலங்க. பெரிய கட்டம். இந்தத் தடிச்ச கோட்டுக்குள்ள பாருங்க..."

"கட்டம்னா கட்டம்தான். அதுல என்ன சின்னது, பெரிசு? முப்பத்தோரு வருஷமா சதுரத்தோட குடும்பம் நடத்துறவன்கிட்டயே பாடம் எடுக்கறியா?"

"அப்ப என்கூட நடத்தினதுக்குப் பேரு என்ன?"

மறுநாள் பேப்பரில் வந்த விடை அவருடையதோடு ஒத்துப்போகவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"தப்பாவே போடறான்" என்றார்.

"தினமும் தப்பாப் போட்டா ஊரே திட்டாதா?"

"ஊருக்கு என்ன தெரியும்?" அச்சடித்த விடையின் மேல் கிரேயானால் ஒரு பெருக்கல் குறி இழுத்தார். மனைவி பேப்பரை வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனார்.

தேர்வு கேன்டீனில் நடந்தது. இருபத்தோராவது நிமிடத்தில் எழுந்தார். பக்கத்தில் அவர் மேஜையிலேயே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ரப்பர் தூளை ஊதிக்கொண்டிருந்தாள். "பாவம்மா நீ" என்றார்.

"நீங்க போங்கண்ணே, நான் மெதுவா வரேன்."

மேனேஜர் தாளைப் பார்த்தார். "என்னங்க, முதல் கட்டத்துலயே நாலுங்கற எண் ரெண்டு தடவ வந்திருக்கு?"

"சார், ஒரு கட்டத்துல ஒரு எண்தான் வரும்" என்று பொறுமையாக ஆரம்பித்தார் தள்ளுபடி. பேப்பர்காரன் தினமும் தப்பு விடுவதையும் எடுத்துச் சொன்னார். வேறு பேப்பர் வாங்கும்படி யோசனையும் கொடுத்தார்.

மேனேஜர் முழுவதையும் கேட்டார். "இன்னும் பத்தொம்பது நிமிஷம் இருக்கு. உக்காந்து ஒரு தடவ சரி பாருங்களேன்."

"சரி பாக்கறதுக்கு இதுல என்ன சார் இருக்கு?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ரப்பர்க்காரப் பெண் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் முடித்தாள். திங்கட்கிழமை முதல் அவள் மேஜைத் தலைவி. அவர் அதே திங்கட்கிழமை, காலை எட்டு மணி ஷிப்டில், பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.