கையை மோந்து பார்க்கும் குல்ஜிகான்

முதலில் கையை நீட்டச் சொல்வாள். நீட்டியதும் குனிந்து மோந்து பார்ப்பாள். கரகண்டாவில் எங்கள் காஸ் கிடங்குக்கு ரெகுலேட்டர் வாங்க வருகிறவர் பெரிய ஆய்வகத்தின் தலைவராகவே இருக்கட்டும், இதற்குத் தப்ப முடியாது. எண்ணெய் வாடை அடித்தால் நேரே குழாயடிதான். சோப்பு அவள் செலவு.

கை தேறினால் கேள்விகள். "என்ன காஸு? எந்த மெஷினுக்குப் போகுது? அங்க எவ்வளவு அழுத்தம் வேணும்?" தடுமாறினால் சாமான் கிடையாது. அம்மோனியாவுக்குப் பித்தளை கேட்டவரிடம், "பித்தளையை அது அரிச்சுத் தின்னுடும். அப்புறம் உங்க நெஞ்சைத் தின்னும். எஃகு எடுத்துட்டுப் போங்க" என்றாள். ஹைட்ரஜன் ரெகுலேட்டருக்கு மரை இடப்பக்கம் சுற்றும். அதை வேறு சிலிண்டரில் மாட்ட இடைத்துண்டு கேட்ட ஒரு புண்ணியவானுக்குக் கிடைத்த பதில்: "அது மாட்டாம இருக்கிறதே நீங்க உயிரோட இருக்கத்தான்யா."

அவள் மேசைக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய ஆக்சிஜன் ரெகுலேட்டர் தொங்குகிறது. வாய் கருகிப் போனது. அவளுக்கு முன் இங்கே பொறுப்பில் இருந்த அவள் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், கடைசியாக மாட்டியது அதைத்தான். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்களுக்காக எண்ணெயில் ஷெல்பெக் ரொட்டி பொரிப்போம். அந்த வாடை போய்ச் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பசி ஆறும். அப்படியொரு வெள்ளிக்கிழமை அவள் பொரித்த ஷெல்பெக்கைத் தின்றுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார் மனிதர். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொழுப்பு ஆகாது. வால்வைத் திறந்தார், பற்றிக்கொண்டது.

"சுட்டுக் குடுத்த பாவி நான்தானே" என்பாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை வாணலி ஏறவில்லை. பிறர் கொடுத்தாலும் தொடமாட்டாள். செத்தவரைப் பட்டினி போடுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். "கிடக்கட்டும். அவரைக் கொன்னதே எண்ணெய்தானே" என்று வாயை அடைத்துவிட்டாள்.

எதிலும் மாட்டாத அந்தக் கருகல் ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டும் முள் வெள்ளிக்கிழமை மதியம் மெல்ல ஏறும். சுவருக்குள் வெந்நீர்க் குழாய் போகிறது, அந்தச் சூடுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "மத்த நாள்ல குழாய் தூங்குதா?" என்று கேட்டாள். எனக்குப் பயம்தான், ஒளிப்பானேன்.

போன வெள்ளிக்கிழமை இறந்தவரின் மகன் ஒராஸ்பெக் வந்தான். நிலக்கரி ஆய்வகத்தில் வேலை. கெட்டியான எஃகுக் கலத்தில் ஆக்சிஜனை அடைத்து, கரியை எரித்துச் சூட்டை அளக்கிறவர்கள். அதற்கு வெல்டிங்காரனின் ரெகுலேட்டர் போதாது, அவ்வளவு அழுத்தம் தராது. துணியில் சுற்றிய பொட்டலத்தை வெளியே படியில், பனியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"சித்தி, அப்பா கனவுல வந்தாரு. பேசவே இல்ல. வெறும் தட்டை நீட்டிக்கிட்டு நின்னாரு. அதான் வீட்டுல ஷெல்பெக் சுட்டோம்."

அவன் கையை இழுத்து மோந்தாள். "போய்க் கழுவு." கழுவி வந்தான். மறுபடி மோந்தாள், மறுபடி துரத்தினாள். அடுத்த முறை வந்தபோது விரல்கள் சிவந்திருந்தன.

"தோலை உரிச்சுக் குடுக்கவா சித்தி?"

நானும் மோந்தேன். சோப்பு வாடை மட்டும்தான். ஆனால் அறை முழுக்க யாரோ பக்கத்தில் நின்று பொரிப்பது போல எண்ணெய் மணத்தது. அடுப்பு என்று அங்கே ஒன்றும் கிடையாது. ஆணியைப் பார்த்தேன். முள் வழக்கமான இடத்தைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

"உங்கப்பனை என் கையால அனுப்பினேன். உன்னையும் அனுப்பமாட்டேன்டா கண்ணு" என்றாள்.

"அவருக்குப் பசி சித்தி. நீங்க சுட்டதுன்னா தனி ருசின்னு சொல்லுவாரு. நீங்க ஒரு வாய் தின்னாத்தான் அவருக்குப் போய்ச் சேரும். எனக்கு ரெகுலேட்டர் இல்லாட்டியும் பரவாயில்ல."

ஆணியில் தொங்குவதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து ஆக்சிஜனுக்கென்று துடைத்துச் சீல் வைத்த புது ரெகுலேட்டரை எடுத்தாள். உறைக்கு மேலாகவே விளக்கடித்து மரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"படியில இருக்கிற பொட்டலத்தை எடுத்துட்டு வா" என்றாள் என்னிடம். "இன்னைக்கு இனிமே நீ ஒரு சாமானையும் தொடக்கூடாது. ஒராஸ்பெக், நீ தள்ளி நில்லு."

பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு கிள்ளினேன். குல்ஜிகான் ரெகுலேட்டரை இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, என் முன்னால் வாயைத் திறந்தாள்.