சந்தியில் ஜெசிதா மாமியின் படம்

எங்கள் ஊரில் யாராவது பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, தெரிவானால் சந்தியில் படம் போட்டுப் பதாகை கட்டுவோம். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்ட எனக்குக் கயிறு கட்டுகிற வேலை.

ஜெசிதா மாமி மயிலிட்டியில் கருவாடு போடுகிறவர். தொண்ணூறில் போரால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவருடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பரீட்சையில் புள்ளி எடுத்த பிள்ளைகளுக்கு மட்டுமே கேற்றைத் திறந்த கம்பஸ், இந்த வருடம் மீன் பதனிடுகிறவர்களுக்கும் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. மாமிக்கு இடம் கிடைத்தது. ஆனால் பின்வாங்கினார்.

"பேரப்பிள்ளை காணுற வயசிலை போனால் அங்கை எல்லாரும் சிரிப்பினம்."

நான் சும்மா இருப்பேனா? வெள்ளி காலையே பதாகை கட்டினேன்: "கம்பஸ் தெரிவான ஜெசிதாவுக்கு வாழ்த்துகள்!" படம், கோயில் பெருநாளில் அவர் கொட்டாவி விட்டபோது எடுத்தது.

சனம் கூடிச் சிரித்தது. மாமி கருவாடு நிறைந்த ஓலைக் கடகத்தோடு வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். அவர் அழுதிருந்தால் அங்கேயே கிழித்திருப்பேன்.

"ஆரடா உதைக் கட்டினது?"

"நான்தான் மாமி. அவிழ்க்கட்டே?"

"ஊரெல்லாம் பார்த்திட்டுது. இனிப் போகாமல் விட்டால்தான் எனக்கு வெக்கம். படத்தை மட்டும் மாத்தடா, குரங்கே!"

மறுநாள் காலை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் மாமி ஏறினார்.

"என்ன மாமி, இண்டைக்குக் கடகம் இல்லை? ஆஸ்பத்திரிக்கோ?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"இல்லைத் தம்பி, கம்பஸுக்கு" என்றார் மாமி, பின் சீற்றில் நித்திரை கொண்டவரும் எழும்புகிற சத்தத்தில்.