ஸ்தமாத்தாவின் பெயர்நாள் பிட்டா

என் கடைசித் தங்கை மல்லுக்கட்டிப் பெற்றவை இவை. மூன்று வயதில், ஏரிக்கரைக் கொசு கொண்டுவந்த காய்ச்சலிடமிருந்து தன் உயிர். ஐந்து பெண்கள் இருந்த வீட்டில், எல்லோருக்கும் கடைசியாகப் பிறந்தும், மாவு தேய்க்கும் மெல்லிய கோல். எங்கள் அப்பா முடியவே முடியாது என்று சொன்ன மாப்பிள்ளை. மாமியார் வீட்டுச் சமையலறையில் ஜன்னலோரத்து மேஜை. இவற்றுக்கெல்லாம் பிறகு, ஒரு பிப்ரவரி மாதத்தில், தன் சொந்தப் பெயருக்கு ஒரு நாள். காய்ச்சலைவிட அதுதான் அதிகம் படுத்தியது.

நான் மூத்தவள், எவாந்தியா. எனக்குப் பின் வரிசையாகப் பெண்கள். ஐந்தாவதும் பெண் என்று மருத்துவச்சி சொன்னபோது அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாராம். எங்கள் பக்கத்தில் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் கடைசிக் குழந்தைக்கு ஸ்தமாத்தா என்று வைப்பார்கள். 'நிறுத்து' என்று அர்த்தம். அந்தப் பெயர் நன்றாகவே வேலை செய்தது. அதற்குப் பிறகு ஆணும் பிறக்கவில்லை.

நான் நான்காம் வகுப்புவரை படித்தேன். அவள் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் பள்ளிக்கூடத்தில் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் போனபோது அவளுக்கு வீட்டில் வேலை வந்துவிட்டது. எழுத்துக்குப் பதிலாக அவள் கைக்கு மாவு வந்தது. அவள் தேய்த்த மாவுத்தாளை மேஜைமேல் விரித்தால் கீழே இருக்கும் மரத்தின் ரேகை தெரியும். அம்மாவுக்கே அது முடியாது. தாளுக்குத் தாள் நெய் தெளித்து, நடுவில் கீரையும் லீக்ஸ் வெங்காயமும் வெந்தயவாசமுள்ள இலைகளும் ஆட்டுப்பால் கட்டியும் முட்டையும் வைத்து, மேலே மறுபடி தாள்களால் மூடி, ஓரத்தைக் கயிறு போல முறுக்குவாள். வெந்து வந்த பிட்டாவில் கத்தியை வைத்ததும் காய்ந்த இலைமேல் கால் வைத்தது போலச் சத்தம் கேட்கும். இந்த யானினா ஊரில் பிட்டா செய்யாத வீடு கிடையாது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவள் கட்டிக்கொண்ட மீனாஸ் பஸ் கண்டக்டர். நல்லவன், அதிகம் பேசமாட்டான். பேசுவதற்கு அவனுடைய அம்மா ஹைதோ இருந்தாள். மருமகள் பெயரைக் கேட்ட முதல் நாளே அந்த அம்மாள் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஸ்தமாத்தாவா? அது பேரில்லடி, உத்தரவு. நான் ஒன்ன அப்படிக் கூப்பிட்டா தெருவுல போற கழுதையெல்லாம் நின்னுரும்."

ஆகவே அந்தத் தெருவில் அவள் மீனாஸ் வீட்டம்மா. ரொட்டிக் கடையிலும் கோயிலிலும் அதேதான். தண்ணீர்க் குழாயடியிலும் அதேதான். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்றாலும், மற்றவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் அவர்கள் பெயர் திரும்பக் கிடைத்துவிடும். அவர்களுடைய புனிதரின் நாளன்று கதவைத் திறந்து வைப்பார்கள், தெருவே வந்து போகும். இவளுக்கும் புனிதர் இருக்கிறார், பிப்ரவரி மூன்றாம் தேதியில். ஆனால் ஹைதோ அம்மாள், ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்நாள் போதும், அது என் மகனுடையது என்று முடித்துவிட்டாள். கல்யாணமாகி எத்தனையோ பிப்ரவரி வந்து போயிற்று.

அறுபத்து மூன்றாம் வருடம் நவம்பரில் மீனாஸின் பெயர்நாள் வந்தது. என் தங்கை இரண்டு நாள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மிளகும் புதினாவும் போட்ட இறைச்சி உருண்டை, சர்க்கரைப் பொடியில் புரட்டிய பாதாம் பிஸ்கட், வருகிறவர் வாயில் முதலில் வைக்க செர்ரிப் பாகு, இவற்றோடு பெரிய செப்புத் தாம்பாளம் நிறையக் கீரைப் பிட்டா. அப்போதெல்லாம் வீட்டில் பெரிய அடுப்பு யாருக்கு இருந்தது? பச்சைப் பிட்டாவைத் தாம்பாளத்தோடு ஸீகோஸின் ரொட்டிக் கடைக்கு அனுப்பினால் வேகவைத்துத் தருவார். யாருடையது என்று தெரிய அவரவர் மேல்தாளில் ஓர் அடையாளம் வைப்பார்கள். என் தங்கை முள்கரண்டியால் சிலுவை குத்தினாள். ஆவி போனதாகவும் இருக்கும், ஆண்டவர் பார்த்துக்கொண்டதாகவும் இருக்கும். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவி பொலிக்ஸேனிக்கும் அன்றைக்கு ஏதென்ஸிலிருந்து விருந்தாளிகள். அவளும் அதே நினைப்போடு அதே சிலுவையைக் குத்தினாள். தாம்பாளமும் ஒரே கன்னான் அடித்தது.

வீட்டுக்கு வந்த பிட்டாவை வெட்டிய உடனேயே என் தங்கைக்குத் தெரிந்துவிட்டது. கத்தி சத்தமே போடவில்லை. உள்ளே கீரை வேறு, உப்பு வேறு. இது என்னுடையது இல்லை என்று சொன்னாள். விருந்தாளிகள் முன்னால் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். ஹைதோ அம்மாள் ஒரு துண்டை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"கழுதைமேல போடுற சேணம் மாதிரி இருக்கு. அஞ்சு பொண்ணு பெத்த வீட்ல ஒருத்திக்குமா தேய்க்கத் தெரியல?"

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்தில் ஒருத்தி.

எதிர்வீட்டிலோ ஏதென்ஸ்காரர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இப்படியொரு பிட்டா பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை என்று சொன்னார்களாம். பொலிக்ஸேனி அன்றைக்குத் தன் கை ஏதோ நன்றாக வந்துவிட்டது என்று மனதார நம்பினாள். கெட்டவள் இல்லை. புகழ்ந்தால் யார்தான் மறுப்பார்கள்? சேணம் என்கிற பேச்சு குழாயடிவரை போனது. அங்கே பொலிக்ஸேனியும் சேர்ந்து சிரித்தாள். என் தங்கை குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன்பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிப்ரவரி மூன்றாம் தேதி தன் பெயருக்குக் கதவைத் திறப்பது, தன் கையால் செய்த பிட்டாவைத் தெருவுக்குக் கொடுப்பது. தடை இதுதான்: பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, பெயர் தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். பெயரே தெரியாதவள் வீட்டுக்கு யார் வருவார்கள்? ஸீகோஸின் கடைப் பலகையில் தாம்பாளங்கள் வரிசையாக இருக்கும், ரொட்டி வாங்க நிற்கிற பெண்கள் எல்லாவற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே தன் பெயரை மாவிலேயே எழுதி வைத்துவிட்டால்?

எழுதத் தெரியாதவள் எப்படி எழுதினாள் என்று கேட்பீர்கள். அவள் வீட்டு வாசலில் பஸ் நிறுத்தம். கம்பத்தில் பலகை. அதில் என்ன போட்டிருக்கிறது என்று மீனாஸிடம் கேட்டாள். 'நிறுத்தம்' என்றான் அவன். நிறுத்தத்துக்கும் 'நிறுத்து' என்கிற அவள் பெயருக்கும் எங்கள் பேச்சில் தொடக்கம் ஒன்றுதான், அது அவள் காதுக்கு உடனே பட்டது. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் பலகையைப் பார்த்தாள். முறிந்த சீப்பு மாதிரி ஒன்று, விளக்குக் கம்பம் மாதிரி ஒன்று, கூடாரம் மாதிரி ஒன்று. அடுத்து வரவேண்டிய எழுத்து பலகையில் இல்லை. அது மீனாஸின் தொப்பிக்குள் இருந்தது, மகன் பெயரின் முதலெழுத்தை ஹைதோ அம்மாளே சிவப்பு நூலில் தைத்திருந்தாள். அதன்பிறகு கூடாரமும் கம்பமும் திரும்பத் திரும்ப வருவதுதான். அவள் பெயரில் மொத்தமே நான்கு வடிவம்தான். எனக்கு இருப்பதைப் போல நீளமான பெயர் என்றால் திண்டாடியிருப்பாள்.

அன்று திங்கட்கிழமை. மீனாஸ் வேலைக்குப் போயிருந்தான். மேல்தாளின்மேல் மாவுத் திரிகளால் பெயரைப் போட்டு, முட்டை பூசி, துணியால் மூடிக் காலையிலேயே கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். செர்ரிப் பாகை எடுத்து வைத்தாள். தேனில் நனைக்க மாவு உருண்டைகளைப் பொரித்தாள். ஹைதோ அம்மாள், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, தெரியும்போது தெரியும் என்றாளாம். அந்த வீட்டில் அவள் முதன்முதலாகக் கொடுத்த எதிர்ப்பேச்சு அது. மதியம் நான் போனேன். பிட்டாவை எடுத்துவர இருவரும் கடைக்குப் போனோம்.

கடை நிறையப் பெண்கள். எல்லாத் தாம்பாளங்களும் வெந்து பொன்னிறமாக இருந்தன. என் தங்கையுடையது மட்டும் ஓரமாக, கொடுத்தபடியே பச்சையாக இருந்தது.

"ஏண்ணே, இத வைக்கலையா?" என்றாள்.

ஸீகோஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்கதானேம்மா வேண்டான்னீங்க. 'நிறுத்து'ன்னு எம்மாம் பெருசா எழுதியிருக்கு. ஒங்க மாமியாருக்கு மனசு மாறிருச்சு போலன்னு நெனச்சேன். அவங்க பேச்ச மீறி நான் அடுப்புல வைக்க முடியுமா?"

கடையில் சிரிப்பு கிளம்பியது. என் தங்கை முகம் சிவந்ததைப் பார்த்து, நான் முன்னால் போய்ப் பேச வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது உத்தரவு இல்லண்ணே. என் பேரு. ஸ்தமாத்தா. இன்னிக்கு என் பெயர்நாள்."

சிரிப்பு அடங்கியது. ஸீகோஸ் தாம்பாளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இத்தன வருஷமா ஒங்க பிட்டாவ வேக வைக்கிறேன். ஒங்க பேரு எனக்குத் தெரியலையே."

வரிசையில் நின்ற பொலிக்ஸேனிதான் முதலில் வந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"பல்லாண்டு இருக்கணும் ஸ்தமாத்தா. சாயங்காலம் வர்றோம். கதவத் தொறந்து வைங்க."

பின்னால் நின்ற ஒவ்வொருத்தியும் வந்து வாழ்த்தினாள். ஒவ்வொருத்தியும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஸீகோஸ் அணையப் போன அடுப்பில் புதிதாக விறகு போட்டார். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு பிட்டாவை அடிக்கொரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்து வேகவைத்தார். மாலையில் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீடு கொள்ளாத கூட்டம். நாற்காலி போதாமல் கட்டிலில் உட்கார்ந்தார்கள். என்ன நடக்கிறது என்று விளங்குவதற்குள் ஹைதோ அம்மாள் கையில் செர்ரிப் பாகுத் தட்டு ஏறியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவளே நீட்ட வேண்டியதாயிற்று. மீனாஸ் வேலை முடிந்து வந்து, தன் வீடுதானா என்று வாசலில் நின்று பார்த்தான்.

பிட்டாவில் கத்தி வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பொலிக்ஸேனி முதல் வாயை மென்றாள். நிறுத்தினாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"இது… மீனாஸ் பெயர்நாளன்னிக்கு எங்க வீட்ல சாப்பிட்டது."

அவள் மெதுவாக ஹைதோ அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்தக் கழுதைச் சேணம் என்னோடதா?"

முதலில் சிரித்தது அவளேதான். பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. ஸீகோஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, எல்லாச் சிலுவையும் எனக்கு ஒரே சிலுவையாகத்தானே தெரியும் என்று புலம்பினார். ஹைதோ அம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். தொப்பியில் தான் தைத்த எழுத்து இருந்த துண்டாகப் பார்த்து எடுத்து, நின்றபடியே தின்று முடித்தாள். பிறகு ஒரு கோப்பையில் திராட்சைச் சாராயம் ஊற்றி மருமகளிடம் நீட்டினாள்.

"குடி, ஸ்தமாத்தா. காலையிலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடல."

தாம்பாளத்தில் கடைசிக் கூடாரத்தின் ஒரு கால்தான் மிச்சம். மீனாஸ் அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஆகவே காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்தவள், தேதியும் சரியாகச் சொல்வேன். என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது 1964-ஆம் வருடம், பிப்ரவரி மாதம், 3-ஆம் தேதி.