ஸ்பிரிங்கின் மறுமுனை

போர்ட் பிளேரில் ஒரே பள்ளியில் நாங்கள் இருவரும் இயற்பியல் ஆசிரியைகள். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது மரியாதை கொடுக்க மனம் வரவில்லை.

அலைகள் பாடம் வந்தால் இரண்டு வகுப்பையும் வராந்தாவில் ஒன்றாக உட்காரவைப்போம். தரையில் நீளமான ஸ்பிரிங்; ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதெல்லாம் கிடையாது. கண்ணைப் பார்ப்போம், ஒரே நேரத்தில் சுண்டுவோம். நான் ஜன்னல் பக்கமாக, அவள் சுவர்ப் பக்கமாக. இரண்டு மேடுகளும் ஓடிவந்து நடுவில் சந்திக்கும்போது ஸ்பிரிங் நேர்கோடாகிவிடும். அடுத்த நொடி இரண்டும் ஒன்றையொன்று கடந்து தன்பாட்டுக்குப் போகும்.

அந்த வருடம் எங்களில் ஒருத்தியை நிக்கோபாரில் தள்ளியிருக்கும் கட்சால் தீவுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வந்தது. என் மகள் பத்தாம் வகுப்பு. கணவருக்குக் கப்பலில் வேலை, பாதி மாதம் வீட்டில் இருக்க மாட்டார். அவளுக்கும் மாமியார் படுக்கையில். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே அவள்தான் சொன்னாள்:

"மனு கினு ஒண்ணும் வேண்டாம்ட்டி. யாரு பேரு வருதோ அவ போகட்டும். நமக்குள்ள என்ன இருக்கு?"

என் பெயர் வந்தது. தலையெழுத்து என்று அழுது முடித்தேன். அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

அந்த வாரமே அலைகள் பாடம். ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்து அவள் கண்ணைத் தேடினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் நான் சுண்டிவிட்டேன். என் அலை தனியாக ஓடி, அசையாத அவள் கையில் முட்டி, பக்கம் மாறி என்னிடமே திரும்பி வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

இரண்டாவது முறை எண்ணித்தான் சுண்டினோம். ஸ்பிரிங் நேரானது.

"மேடம், தோனோ கதம் ஹோ கயா?" என்றாள் முன்வரிசைப் பெண். இரண்டும் தீர்ந்துபோயிற்றா என்று கேட்கிறாள்.

தீரவில்லை, நேராகத் தெரியும்போதும் ஸ்பிரிங் ஓய்ந்திருக்காது, உள்ளே ஓட்டம் இருக்கிறது என்றேன். சொல்லும்போது மறுமுனையில் இருந்தவளின் முகத்தைத்தான் பார்த்தேன்.

வகுப்பு முடிந்து, என்னிடம் எதை மறைக்கிறாய் என்று நேரடியாகவே கேட்டேன். ஸ்பிரிங்கைச் சுருட்டியபடி சொன்னாள்:

"என்ன மாத்தக்கூடாதுன்னு போன மாசமே மனு எழுதிக் குடுத்துட்டேன். நீ போறதுக்குச் சம்மதம்னும் எழுதிட்டேன். எம் மாமியா நெலம உனக்குத் தெரியும்லா?"

போன மாதம். அப்படியென்றால் என் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தபோதே அந்த மனு ஆபீஸில் இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் நானே போயிருப்பேனோ என்னவோ. கேட்காமல் என் சம்மதத்தையும் அவளே எழுதிக் கொடுத்ததுதான் இன்றுவரை ஆறவில்லை. கூட இருந்தே குழி பறித்தாள்.

மகள் போர்ட் பிளேரிலேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். நெட்வொர்க் கிடைக்கும் நாட்களில் போன் செய்தால், நன்றாகச் சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்கிறாள்.

கட்சாலில் இப்போது மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுகிறேன். ஒரு அலையை அனுப்பினால் பக்கம் மாறித் திரும்பும். அது வரும்போதே இன்னொன்றை அனுப்பினால் நடுவில் இரண்டும் சந்தித்து ஸ்பிரிங் நேராகிவிடும். ஆள் துணை வேண்டியதில்லை. கம்பி யாருக்கும் மனு எழுதாது. ஆனாலும் சுண்டுவதற்கு முன்னால், பழக்கதோஷம், நிமிர்ந்து அந்தக் கம்பியைப் பார்க்கிறேன்.