கடைசிச் சொட்டும் ஒரு முட்டையும்

தட்டில் அவித்த முட்டை வந்து விழுந்ததும் அவள் கண்ணை மூடிவிடுவாள். விடுதி மெஸ்ஸில் தம்ளர்கள் மோதும் சத்தமும், மூடாத குழாயின் முனகலும் மெல்ல விலகிப்போகும். எங்கோ ஓர் ஏரி நடுவில் துடுப்பில்லாத படகில் போகிறவளைப்போல முகம் லேசாகிவிடும். படகு கரைக்குத் திரும்ப ஒன்றரை நிமிடம் ஆகும். கண்ணைத் திறந்தால் முட்டை இருக்காது.

எதிரே அறைத்தோழி கன்னம் உப்பியபடி சுவரை ஆராய்ந்துகொண்டிருப்பாள். அவளுக்குப் பருந்து என்று பெயர் வந்த வரலாற்றை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. நம்மவள் பெயர் ஆமென்.

"எங்கடி என் முட்டை?"

"மேல போயிருக்கும். நீதானே இவ்வளவு நேரம் மேல பேசிக்கிட்டிருந்த?"

இரண்டு வருடமாக இப்படித்தான். ஆமென் ஜெபத்தைச் சுருக்கியதும் இல்லை, தட்டைக் கையால் மறைத்ததும் இல்லை. பருந்தும் தன் கடமையில் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

ஆமென் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கல்லூரிக்குக் கிளம்பிய அன்று சபையின் வாலிபர் கூட்டத்தார் அவள் கையில் ஒரு சிறு புத்தகத்தைத் திணித்தார்கள். தலைப்பு, 'கிறிஸ்தவ மாணவர் கல்லூரியில் வெற்றிபெற ஏழு வழிகள்'. விடியற்காலை எழுந்திருப்பது, நண்பர்களைத் தேர்ந்தெடுப்பது, ஞாயிறு ஆராதனையை விடாதது என்று எல்லாம் அதில் உண்டு. ப்யூரெட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. அவளுடைய சோதனை முழுவதும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்தான் காத்திருந்தது.

ப்யூரெட்டின் திருகைத் திறந்தால் கரைசல் சொட்டுச் சொட்டாகக் கீழே குடுவைக்குள் இறங்கும். நிறமற்ற நீர் ஏதோ ஒரு சொட்டில் வெளிர் ரோஜாவாகும். அந்தச் சொட்டோடு நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். பிற்பகல் வெயில் கண்ணாடிப் புட்டிகளில் பட்டு உத்தரத்தில் நெளியும் நேரம் அது. ஆமென் குடுவையைச் சுழற்றுவாள். சுழலச் சுழல அவளும் கொஞ்சம் கரைந்துபோவாள். ரோஜா நிறம் எட்டிப்பார்த்து மறையத் தொடங்கியதும் அவளுக்குப் படபடக்கும். "ஆண்டவரே, அந்தக் கடைசிச் சொட்டை மட்டும் எனக்குக் காட்டும்" என்று கண்ணை மூடுவாள். ஆண்டவர் காட்டுவார். பார்க்கத்தான் ஆள் இருக்காது. கண்ணைத் திறக்கும்போது குடுவை முழுக்கக் கல்யாணப் பட்டுப்புடவை நிறத்தில் இருக்கும்.

மாதிரித் தேர்வில் அவள் எழுதிய அளவைப் பார்த்துவிட்டு, துறைத்தலைவி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே ரீடிங் வருது. உனக்கு மட்டும் என்னம்மா தினம் ஒரு ரீடிங்? ஃபைனல் ப்ராக்டிக்கல்லயும் இப்படின்னா மூணாம் வருஷத்தை மறந்துடு. பேசாம ஒரு வருஷம் வீட்டுல இருந்து ஜெபம் பண்ணு."

எல்லாருக்கும் ஒரே அளவு வந்ததன் இரகசியத்தை அன்று விடுதி மொட்டைமாடியில், துணி காயப்போடும்போது, பருந்து உடைத்தாள். ஆய்வகத்து அட்டெண்டர் அண்ணன் இளகிய மனசுக்காரர். கரைசலைக் கலக்குவது அவர்தான் என்பதால் விடை அவருக்குத் தெரியும். தன் மேசையில் மூன்று மரத்தாங்கிகளை வரிசையாக வைப்பார். முதலாவதில் இரண்டு டெஸ்ட் டியூப், அடுத்ததில் நான்கு, கடைசியில் ஆறு. அப்படியானால் 24.6.

ஆமென் ஈரத்துணியோடு நின்றுவிட்டாள். "அழகுக்கு அடுக்குறாருன்னுல்ல நெனச்சேன்!"

"அழகுக்கா? லூசு! ரெண்டு வருஷமா பேப்பரையே வெளிய விட்டுக்கிட்டிருக்காரு. இனியாச்சும் கண்ணைத் தொறந்து பாரு."

"அது பொய்யில்லையாடி?"

"அது டெஸ்ட் டியூப்டி."

ஆமென் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். டெஸ்ட் டியூப் விஷயத்தைச் சொல்லவில்லை. ஜெபமும் சொட்டும் மோதிக்கொள்வதை மட்டும் சொன்னாள். அப்பா பேருந்து ஓட்டுநர்.

"பாப்பா, நானும் வண்டி எடுத்ததுலேருந்து நிறுத்துற வரைக்கும் ஜெபம்தான் பண்றேன். எந்த வளைவுலயாவது கண்ணை மூடியிருந்தா இன்னைக்கு உன்கூட பேசிட்டிருப்பேனா?"

ஒரு சிக்கல் தீர்ந்து இன்னொன்று முளைத்தது. கண்ணை மூடினால் சொட்டு தப்பிவிடும். திறந்தால் டெஸ்ட் டியூப் தெரிந்துவிடும். இறையியல் கல்லூரிகளில்கூட இதை யாரும் ஆராய்ந்ததாகத் தகவல் இல்லை.

தேர்வன்று அட்டெண்டர் அண்ணன் மரத்தாங்கிகளோடு தன் மேசையை நெருங்கியதும், ஆமென் ப்யூரெட் ஸ்டாண்டை இரு கையாலும் தூக்கினாள். அப்படியே சுற்றி, சன்னலைப் பார்க்க வைத்தாள். அண்ணனுக்கு முதுகு. முன்னால் வானம் மட்டும். கண்ணை அகலத் திறந்தபடி உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு மேகம் குடுவையின் வளைவுக்குள் தலைகீழாக நுழைந்து, மெல்ல வெளியேறியது. அதன் பின்னாலேயே அந்த நிறம் வந்தது. நிறம் என்றுகூடச் சொல்ல முடியாது. நிறம் வரப்போகிறது என்கிற ஒரு சேதி, அவ்வளவுதான். திருகை மூடினாள். 23.8. இன்னும் இரண்டு முறை செய்தாள். மறுபடியும் 23.8.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் விடைத்தாள்களைப் புரட்டினார். இருபத்துமூன்று பேர் 24.6. ஒருத்தி 23.8.

"நீ மட்டும் ஏம்மா தனி ரூட்ல போற?"

"எனக்கு இதுதான் சார் வந்துச்சு."

"தப்பா இருந்தா?"

ஆமெனுக்கு மூன்றாம் வருடம் கண்ணெதிரே ஆவியாகிக்கொண்டிருந்தது. "தப்பா இருந்தாலும் எனக்கு வந்தது இதுதான் சார்."

தேர்வாளர் சிரிக்கவில்லை. அன்று காலை அவரே சீக்கிரம் வந்து புதிதாகக் கரைசல் கலக்கி வைத்திருந்தார். அந்தச் சேதி அட்டெண்டர் அண்ணனை எட்டியிருக்கவில்லை. மேடத்திடம் திரும்பி, "இந்தப் பொண்ணு போகலாம். மத்த எல்லாரும் சாப்பிட்டுட்டு வந்து திரும்பச் செய்யட்டும். அட்டெண்டர் மேசையில இருக்கிற அந்த மூணு டெஸ்ட் டியூப் ஸ்டாண்டையும் உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றார்.

ஏழு வழிகளின்படி பார்த்தால் இது வெற்றி. ஆனால் வெற்றி பெற்றவள் மதியம் மெஸ்ஸில் உட்கார்ந்தபோது அந்த நீள பெஞ்சில் பக்கத்து இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. "வந்துட்டாங்க பெரிய உத்தமி" என்று யாரோ தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். பருந்து மட்டும் எதிரிலேயே இருந்தாள், வேறெங்கும் இடமில்லாததால். அழுத கண். தட்டை விட்டு நிமிரவில்லை.

முட்டை வந்து விழுந்தது. ஆமென் கண்ணை மூடினாள். ஒன்றரை நிமிடம். அன்று கூடவே இன்னும் ஒரு நிமிடம். திறந்தாள்.

முட்டை அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை ஒரு விரலால் மேசையின் மறுபக்கம் நகர்த்தி, முட்டையைப் பருந்தின் கைக்கு எட்டும் விளிம்பு வரை உருட்டிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.