மருமகனின் முழங்கால்

பாரிஸின் லா சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் கூடும் நாங்கள், எங்கள் ஊர்க் கழகங்கள் ஆடும் வெற்றிக்கிண்ண உதைபந்தாட்டத்துக்குப் பந்தயம் கட்டுவோம். தோற்ற அணி வெளியேறிவிடும் போட்டி என்பதால் அதில் சூடு அதிகம்.

ஒருமுறை அரையிறுதியில் ஓர் அணியின் கோல்காப்பாளர் என் மருமகன். அவருடைய முழங்கால் வீங்கியிருப்பதை ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று மகள் என்னிடம் கேட்டிருந்தாள். நான் சொல்லவில்லை. ஒரு மாத ஓய்வூதியத்தை எதிரணியின் மேல் கட்டினேன்.

"சொந்த மருமகனுக்கு எதிராயோ, மாஸ்டர்?" என்று கடைக்காரர் சிரித்தார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. நொண்டியபடி கோலை நோக்கிப் போன மருமகன், நான் கோட்டோரம்வரை வந்துவிட்டதைக் கண்டு நின்றார்.

"பயப்பிடாதேங்கோ, மாமா. கால் தாங்கும்."

கடைசி உதைக்கு அவர் பாய்ந்தார். பந்து வலைக்குள் போனது. அவர் முழங்காலைப் பிடித்தபடி கிடந்தார். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கை மேலே உயர்ந்திருந்தது.

"என்னப்பா?" என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

"உதவிக்கு ஆளைக் கூப்பிட்டனான், பிள்ளை."

ரயில் நிலையம் வரை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "என்னைவிட உங்களுக்குத்தான் கவலை, மாமா" என்றார்.

வென்ற காசை நான் வாங்கப் போகவில்லை. போகாததால் நான் நல்லவனாகிவிடவும் இல்லை. மருமகன் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர். தம்பி, அந்தக் கை யாரையும் கூப்பிடவில்லை.