குஜாலுக்குப் பொருள் சொன்ன நாள்

எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் மனம் துள்ளினால் அதற்குப் பெயர் குஜால். போன வருடம் துறைமுகப் பக்கத்துக் கம்பெனி ஒன்று என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்துக் கடிதம் அனுப்பியது. எழுத்துத் தெரியாத அப்பா, அதிலிருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு வேலையே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நான் கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள் படகில் என் இடத்தைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

வந்ததும் கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்து, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நடுவே என்னை உட்கார வைத்தார்.

"ஒரே குஜாலா கீதுடா. நீ பட்ச்சவன், சொல்லு. குஜாலுன்னா இன்னா? எங்கேர்ந்து வந்துச்சு?"

வேலை இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்ததோ நூலகத்தில் படித்த பாடம்.

"அது பாரசீகம், நைனா. குஷ்னா சந்தோசம், ஹால்னா நெலம. குஷ்ஹால்னு உருதுக்காரங்க சொன்னது நம்ம வாய்ல குஜால் ஆயிடுச்சு."

"அப்போ நம்ம நெலம சந்தோசமா கீதுன்னு அர்த்தம்!" என்று எல்லோரையும் பார்த்தார் அப்பா.

"இனிமே நம்ம பக்கம் வந்தா மூக்கப் பொத்திக்குவான், மாமு" என்றார் வலைக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மகன் எனக்குக் கைகொடுத்தான்.

"எப்போ சேரணும்?" என்று அப்பா கேட்டார்.

தேர்வு திங்கட்கிழமை. இத்தனை முகங்களுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது?

"திங்கக்கெழம."

"கம்பெனி கேட்டு வரிக்கும் நானும் வரேன். நீ உள்ள போறத பாத்துட்டுதான் கெளம்புவேன்."

சரி என்று தலையாட்டினேன்.